ஆறு ஸ்பீக்கர் இருந்தும் இரண்டுதான் பேசுகிறதா? அறிகுறியைப் பார்த்து 5.1 கோளாறைச் சரிசெய்யும் வழி

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்து வீடுகளில் சவுண்ட் சிஸ்டம் இரண்டு வகை. ஒன்று, பிராண்ட் பெயரோடு வாங்கிய ரிசீவர் அல்லது சவுண்ட்பார். இன்னொன்று, போர்டு, டிரான்ஸ்பார்மர், கேபினட் எல்லாம் தனித்தனியாக வாங்கி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப். இரண்டாவதற்கு விலை குறைவு, அதிர்வு அதிகம். ஆனால் தன்னால் எது முடியும், எது முடியாது என்று பிளேயருக்குச் சொல்ல அதற்கு வழி கிடையாது. கீழே வரும் தொல்லைகளில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

எந்தக் கோளாறாக இருந்தாலும் பார்க்க வேண்டிய இடம் மூன்று. ஃபைலுக்குள் உண்மையில் என்ன ஒலி இருக்கிறது? பிளேயர் அதை என்ன செய்கிறது? ஆம்புக்கு என்ன போய்ச் சேர்கிறது? ஆறு சேனல் எந்த இடத்தில் இரண்டாகிறது என்று தெரிந்துவிட்டால் மாற்ற வேண்டிய செட்டிங் ஒன்றோ இரண்டோதான். அது தெரியாமல் எல்லா செட்டிங்கையும் மாற்றிக்கொண்டே போனால், நன்றாக இருந்ததும் கெட்டுப்போகும்.

ஃபைலைப் பார்க்க மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். ஃபைலின் பெயரில் ‘5.1’ என்று இருப்பதை நம்ப வேண்டாம், அது யாரோ ஒருவர் தட்டச்சு செய்தது. பிளேயரைப் பார்க்க, விஎல்சியில் கன்ட்ரோல்-ஜே அழுத்தினால் கோடெக் (ஒலியைச் சுருக்கிக் கட்டிய முறை) விவரம் வரும். அங்கே ‘ஏ52 ஆடியோ’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது ஏசி3-தான், அதாவது டால்பி டிஜிட்டல். சேனல் வரியில் ‘3எஃப்2ஆர்/எல்எஃப்இ’ என்று இருந்தால் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, சப்வூஃபர் ஒன்று. அதுவே 5.1. ‘கோடி’ (Kodi) என்ற இலவச பிளேயரில் படம் ஓடும்போது கீபோர்டில் ‘ஓ’ எழுத்தை அழுத்துங்கள். ஆம்புக்கு வந்தது என்ன என்பதை அதன் டிஸ்ப்ளேயோ, கட்டிய ஒலியைப் பிரிக்கும் டீகோடர் போர்டில் எரியும் டால்பி அல்லது டிடிஎஸ் (டால்பி போல இன்னொரு ஒலி வடிவம்) லைட்டோ சொல்லும்.

அறிகுறி: ஃபைல் 5.1, ஆனால் ஆம்ப் ‘பிசிஎம்’ அல்லது ‘ஸ்டீரியோ’ என்றே காட்டுகிறது

அதிகம் பேருக்கு வரும் தொல்லை இதுதான். முதலில் ஒரு சோதனை. படம் ஓடும்போது பிளேயரின் சொந்த வால்யூமைப் பாதியாகக் குறையுங்கள். டிவி ரிமோட்டில் குறைக்காதீர்கள், அது எச்டிஎம்ஐ வழியே ஆம்பின் வால்யூமையே மாற்றிவிடக்கூடும். சத்தம் குறைந்தால் பிளேயர் ஒலியைத் தானே பிரித்து, பிசிஎம் (சுருக்கம் நீக்கிய சாதாரண ஒலி) ஆக்கி அனுப்புகிறது. துளியும் குறையவில்லையா? அப்படியானால் பாஸ்த்ரூ நடக்கிறது. ஃபைலில் இருந்த டால்பியைப் பிரிக்காமல் அப்படியே தள்ளிவிடுவதால் அதன் வால்யூமில் பிளேயர் கைவைக்க முடியாது.

கோடியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ‘ஓ’ அழுத்தினால் வரும் ஆடியோ டீகோடர் வரியில் ‘பிடி-ஏசி3’ என்று இருந்தால் பாஸ்த்ரூ. ‘எஃப்எஃப்-ஏசி3’ என்று இருந்தால் கோடியே பிரிக்கிறது. ‘பிடி’ என்று காட்டியும் ஆம்ப் ஸ்டீரியோவில் நின்றால் தவறு கோடிக்கு வெளியே இருக்கிறது. நேராக டிவி செட்டிங்ஸுக்குப் போங்கள்.

அடுத்து வயர். எச்டிஎம்ஐ செருகியவுடன் மறுமுனையில் இருக்கும் கருவி ‘ஈடிஐடி’ என்ற பட்டியலை அனுப்பும். எந்தெந்த ஒலி வடிவங்களை ஏற்கும், எத்தனை சேனல் வரை, எந்த சாம்பிள் வேகம் வரை என்பது ஒவ்வொரு வடிவத்துக்கும் மூன்று பைட்டாக அதில் இருக்கும். பிளேயர் அதைப் படித்துத்தான் எதை அனுப்பலாம் என்று முடிவெடுக்கிறது. ஆண்ட்ராய்டு பெட்டியை டிவியிலும், டிவியை ஆம்பிலும் இணைத்திருந்தால், பெட்டி படிப்பது டிவியின் பட்டியலைத்தான். ஆம்ப் டிடிஎஸ் வாசிக்கும், ஆனால் நடுவில் இருக்கும் டிவி தன் பட்டியலில் டிடிஎஸ்ஸைச் சொல்லாது. பெட்டி நல்ல பிள்ளையாக அதை ஸ்டீரியோவாகச் சுருக்கி அனுப்பிவிடும். ரிசீவரில் எச்டிஎம்ஐ இன்புட் இருந்தால் பெட்டியை முதலில் ரிசீவருக்கும், அங்கிருந்து டிவிக்கும் கொண்டுபோங்கள். பாதித் தலைவலி அங்கேயே தீரும்.

டிவியிலிருந்து ஆப்டிகல் அல்லது ஏஆர்க் (எச்டிஎம்ஐ வயரிலேயே டிவியின் ஒலி ஆம்புக்குத் திரும்பும் வழி) வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்றால், டிவியின் ஒலி செட்டிங்ஸில் டிஜிட்டல் அவுட்புட் ‘பிசிஎம்’ என்று இருக்கிறதா பாருங்கள். அதை ‘ஆட்டோ’ அல்லது ‘பாஸ்த்ரூ’ ஆக்க வேண்டும். புது டிவி பலவற்றில் இது பிசிஎம்மில்தான் வருகிறது. ஆண்ட்ராய்டு டிவிகளில் சரவுண்ட் சவுண்ட் என்று தனியாக ஒரு பக்கம் இருக்கும். அங்கே ஆட்டோ சரிவரவில்லையென்றால் மேனுவல் வைத்து, ஆம்ப் எதை எடுக்குமோ அதை மட்டும் டிக் செய்யுங்கள்.

இனி அசெம்பிள் ஆம்ப் கதை. ஆப்டிகல் வயர் ஒருவழிப் பாதை. ஒளி போகும், பதில் வராது. டீகோடர் போர்டு பெரும்பாலும் ஏசி3, டிடிஎஸ் இரண்டை மட்டும் படிக்கும். அது பிளேயருக்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். கோடியில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆடியோ என்று போங்கள். செட்டிங்ஸ் நிலை ‘ஸ்டாண்டர்ட்’ என்று இருந்தால் பாதி வரிகள் கண்ணில் படாது. இடப்பக்கம் கீழே இருக்கும் பல்சக்கரத்தை அழுத்தி ‘அட்வான்ஸ்ட்’ அல்லது ‘எக்ஸ்பர்ட்’ ஆக்குங்கள். அப்புறம் சேனல் எண்ணிக்கையை 2.0 என்று வையுங்கள். ஆமாம், ஆறு ஸ்பீக்கர் இருந்தாலும் 2.0-தான். அந்த வரி கேட்பது பிசிஎம் எத்தனை சேனலாகப் போக வேண்டும் என்று, ஆப்டிகலில் பிசிஎம் இரண்டு சேனலுக்கு மேல் போகாது. பாஸ்த்ரூவை அனுமதித்து, ஏசி3, டிடிஎஸ் இரண்டையும் டிக் செய்யுங்கள். இஏசி3, ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி என்ற பிந்தைய வடிவங்கள் மூன்றையும் எடுத்துவிடுங்கள். கடைசியாக ‘டால்பி டிஜிட்டல் டிரான்ஸ்கோடிங்’ என்பதை ஆன் செய்யுங்கள்.

அந்தக் கடைசி வரிதான் பலருக்குத் தெரியாமல் போகிறது. ஒரு படம் 5.1-இல் வருகிறது, அடுத்த படம் ஸ்டீரியோ. இரண்டும் மீடியாஇன்ஃபோவில் ஆறு சேனல். என்ன வித்தியாசம் என்றால் இரண்டாவது ஏஏசி என்ற வேறு ஒலி வடிவம். ஆப்டிகலில் வரும் ஏஏசியை நம் ஆம்ப்கள் படிப்பதில்லை. டிரான்ஸ்கோடிங் ஆன் செய்தால் ஏஏசி, இஏசி3, ட்ரூஎச்டி எதுவாக இருந்தாலும் கோடி பிரித்து, மறுபடி ஏசி3 ஆகக் கட்டி அனுப்பும். டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவுக்கு அதுகூடத் தேவையில்லை. அதற்குள் பழைய டிடிஎஸ் ஒன்று ‘கோர்’ என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது, கோடி அதை மட்டும் எடுத்து அனுப்பிவிடும்.

எல்லாம் சரியாக வைத்தும் ‘எஃப்எஃப்’ என்றே வருகிறதா? பிளேயர் செட்டிங்ஸில், வீடியோ பகுதியில், ‘சிங்க் பிளேபேக் டு டிஸ்ப்ளே’ ஆன் ஆகியிருக்கும். அது இருந்தால் பாஸ்த்ரூ வேலை செய்யாது. விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் பாஸ்த்ரூ கருவியாக ‘வசாபி’ என்று தொடங்கும் பெயரைத் தேர்ந்தெடுங்கள். டைரக்ட்சவுண்ட் வழியே ஏசி3-யும் டிடிஎஸ்ஸும் போகும், அதற்கு மேல் போகாது.

ஜெல்லிஃபின், பிளெக்ஸ் மாதிரி, வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களை மற்ற கருவிகளுக்கு அனுப்பும் சர்வர் வைத்திருப்பவர்கள் சர்வரின் டாஷ்போர்டையும் பாருங்கள். ‘டிரான்ஸ்கோட்’ என்று காட்டினால், வரவேற்பறைப் பெட்டி ‘எனக்கு இந்த ஒலி ஆகாது’ என்று சொல்லியிருக்கிறது, அதனால் சர்வர் அதை வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்புகிறது. மாற்றும்போது பல நேரம் ஸ்டீரியோவாகிவிடும். பெட்டியில் இருக்கும் ஆப்பின் ஒலி செட்டிங்கில் பாஸ்த்ரூவையும் சேனல் உச்சவரம்பையும் சரிசெய்தால் ‘டைரக்ட் பிளே’ (மாற்றாமல் அப்படியே அனுப்புவது) வரும்.

அறிகுறி: பாட்டு அதிர்கிறது, பேச்சு கேட்கவில்லை

சோமனூர்ப் பக்கம் தறிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் என் அக்கா மகன் போனில் கேட்டான்.

“ஏனுங் மாமா, சண்டை வந்தா ஊடே அதிருதுங். பேசறது மட்டும் கேக்கவே மாட்டீங்குதுங்.”

“தறிச் சத்தமா இருக்கும் சாமி.”

“இன்னிக்குத் தறி லீவுங்.”

“நடு ஸ்பீக்கர்ல காத வெச்சுப் பாரு.”

“சத்தமே இல்லீங்.”

படத்தில் வசனத்தின் பெரும்பகுதி நடு சேனலில்தான் இருக்கும். பிளேயரில் சேனல் எண்ணிக்கை 5.1 என்று வைத்துவிட்டு, ஒலியை ஆப்டிகலிலோ ஹெட்போன் ஓட்டையிலோ எடுத்தால், இடது, வலது இரண்டு மட்டும் போய்ச் சேரும். மற்ற நான்கும் வழியிலேயே காணாமல் போகும். வில்லன் கத்துவது எங்கோ எதிரொலி மாதிரிக் கேட்கும், பின்னணி இசை மட்டும் தெளிவாக இருக்கும். 2.0 என்று மாற்றினால் பிளேயர் நடு சேனலை இரண்டு பக்கமும் பிரித்துக் கலந்து அனுப்பும், பேச்சு உடனே வந்துவிடும். பாஸ்த்ரூ போகிற ஆம்ப் என்றால் மேலே சொன்னபடி அதையும் ஆன் செய்யுங்கள்.

2.0 வைத்தபின் பேச்சு வருகிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது என்பது வேறு விஷயம். ஆறு சேனலை இரண்டில் கலக்கும்போது ஒலி வெடிக்காமல் இருக்க பிளேயர் மொத்த அளவையும் குறைத்துவிடும். கோடியில் ‘மெயின்டெய்ன் ஒரிஜினல் வால்யூம் ஆன் டவுன்மிக்ஸ்’ என்பதை ஆன் செய்யலாம். படம் ஓடும்போது ஆடியோ மெனுவில் நடு சேனலின் அளவை மட்டும் ஏற்றவும் இடம் இருக்கிறது.

நடு ஸ்பீக்கர் வயரே கழன்றிருந்தாலும் இதே அறிகுறிதான். அதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

அறிகுறி: ‘சர்ர்ர்’ என்று இரைச்சல் மட்டும் வருகிறது

வால்யூமை உடனே குறையுங்கள், இல்லாவிட்டால் ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) போய்விடும். அப்புறம் காரணத்தைப் பார்க்கலாம்.

டால்பியோ டிடிஎஸ்ஸோ வயரில் போகும்போது சாதாரண ஸ்டீரியோ பிசிஎம் போலவே வேஷம் போட்டுத்தான் போகும். ஐஇசி 61937 என்ற தரம் அப்படி வகுத்திருக்கிறது. ஒவ்வொரு கட்டின் தலையிலும் எஃப்872, 4இ1எஃப் என்று இரண்டு அடையாள எண்கள் இருக்கும். ஆம்ப் அவற்றைக் கண்டால் ‘இது கட்டிய ஒலி, பிரிக்க வேண்டும்’ என்று புரிந்துகொள்ளும். காணாவிட்டாலோ, உள்ளே இருக்கும் வடிவம் தெரியாவிட்டாலோ, விவரமான ரிசீவர் வாயை மூடிக்கொள்ளும், மலிவான போர்டு அந்த எண்களையே ஒலியாக வாசிக்கும். அதுதான் இரைச்சல். டிடிஎஸ் தெரியாத ஆம்புக்கு டிடிஎஸ்ஸும், இஏசி3 தெரியாததற்கு இஏசி3-யும் போயிருக்கும். பாஸ்த்ரூ பட்டியலில் அந்த டிக்கை எடுங்கள்.

இன்னொரு இரைச்சல் நம் ஊருக்கே உரியது. ஒரு காலத்தில் தமிழ்ப் பாட்டுகளை டிடிஎஸ் சிடியாக வாங்கி அடுக்கியவர்கள் கொங்கு நாட்டில் ஏராளம். அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினால் வேவ் ஃபைலாக வரும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ, 1411 கிலோபிட் என்று மீடியா பிளேயர் காட்டும், வாசித்தால் இரைச்சல். சிடி கெட்டுப்போகவில்லை. ஆறு சேனல் டிடிஎஸ்ஸை ஆடியோ சிடிக்குள் நுழைக்க அதை ஸ்டீரியோ பிசிஎம் மாதிரியே எழுதியிருக்கிறார்கள். ஃபைலின் மேலட்டையில் டிடிஎஸ் என்று ஒரு சொல் இருக்காது. உள்ளே போய் டிடிஎஸ்ஸின் அடையாள எண்ணைத் தேடிப் பார்க்கும் பிளேயருக்கு மட்டுமே புரியும். கோடியும் விஎல்சியும் தேடிப் பார்ப்பவை.

அந்த ஃபைலைப் பாஸ்த்ரூ இல்லாமல் வெறும் பிசிஎம் ஆகவே ஆம்புக்கு அனுப்பினாலும் ஆம்ப் கண்டுபிடித்துவிடும், ஒரு நிபந்தனையோடு: பிளேயர் வால்யூம் முழுசாக 100-இல் இருக்க வேண்டும், ஈக்வலைசர் கூடாது, 44.1-ஐ 48 ஆக மாற்றக் கூடாது. ஒரு பிட் மாறினாலும் அடையாளம் அழிந்துவிடும். இந்தச் சிடிகளை ஃபிளாக் (இழப்பில்லாமல் சுருக்கும் வடிவம்) ஆக மாற்றி வைக்கலாம், பிட் மாறாது. எம்பி3 ஆக மாற்றி வைத்திருந்தால் அது இனி என்றைக்கும் இரைச்சல்தான், சிடியைத் தேடி எடுத்துத் திரும்ப ஏற்ற வேண்டும்.

அறிகுறி: படம் ஓடுகிறது, சத்தமே இல்லை, ‘இந்த ஆடியோ ஆதரிக்கப்படவில்லை’ என்கிறது

பென் டிரைவை நேராக டிவியில் செருகுபவர்களுக்கும், மொபைலில் பார்ப்பவர்களுக்கும் வருவது. டிடிஎஸ், இஏசி3 போன்றவற்றுக்கு உரிமக் கட்டணம் உண்டு. அதைக் கட்டாத டிவிகளும் ஆண்ட்ராய்டு பிளேயர்களும் ஒலியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டும். மொபைலில் விஎல்சி போட்டால் முடிந்தது கதை. டிவி என்றால் அதிலேயே விஎல்சி அல்லது கோடி நிறுவ முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் ஒலித்தடத்தை மட்டும் 640 கிலோபிட் ஏசி3 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். ஏசி3-க்கு உச்சவரம்பே அதுதான். படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் மாற்றுவதால் சில நிமிட வேலை.

அறிகுறி: லைப்ரரியில் 5.1 என்று சின்னம், கேட்டால் ஸ்டீரியோ

இரண்டு மூன்று மொழித்தடம் உள்ள ஃபைல்களைப் பாருங்கள். கோடி, ஒரு ஃபைலில் இருக்கும் தடங்களில் சேனல் அதிகமுள்ளதைத் தேர்ந்துதான் சின்னம் போடுகிறது. இந்தித் தடம் 5.1, தமிழ்த் தடம் 2.0 என்றால் சின்னம் 5.1 என்று இருக்கும், நீங்கள் கேட்பது தமிழ் ஸ்டீரியோ. கோளாறு எதுவும் இல்லை.

பழைய ஃபைலை அழித்துவிட்டு அதே பெயரில் நல்ல பிரதி வைத்தாலும் சின்னம் பழையதாகவே நிற்கலாம், தகவல் டேட்டாபேஸில் இருந்து வருகிறது. ஒருமுறை படத்தை ஓட்டினால் திருந்திவிடும். பக்கத்தில் என்எஃப்ஓ ஃபைல் (படத்தின் விவரம் எழுதிய சின்ன ஃபைல்) இருந்தால் அதில் எழுதியிருப்பதைக் கோடி எடுத்துக்கொள்ளும், அதையும் திருத்துங்கள்.

மீடியாஇன்ஃபோவே ஆறு சேனல் என்று சொல்லியும் பின்னால் சத்தம் ஒட்டவில்லை என்றால், ஸ்டீரியோவை ஊதிப் பெருக்கிய போலி 5.1 ஆக இருக்கலாம். பிட்ரேட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டரில், எஃப்எஃப்எம்பெக் இணைப்போடு, ஒலித்தடத்தைத் திறந்தால் ஆறு அலைவரிசை தனித்தனியாக விரியும். மூன்றாவது நடு சேனல், நான்காவது சப்வூஃபர், ஐந்தும் ஆறும் பின்பக்கம். ஒவ்வொன்றாக சோலோ வைத்துக் கேளுங்கள். நடு சேனலில் பேச்சோடு பாட்டும் முழுசாக இருந்து, பின்பக்கம் முன்பக்கத்தின் நகலாகவே இருந்தால் போலி. நான்காவதை ஸ்பெக்ட்ரோகிராமாக (எந்த அதிர்வெண்ணில் ஒலி இருக்கிறது என்று காட்டும் படமாக) பார்த்தாலும் தெரியும். அந்த சேனல் 120 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான், அங்கே பாட்டுக்காரர் குரல் தெரிந்தால் யாரோ கைவரிசை காட்டியிருக்கிறார்கள்.

அறிகுறி: அட்மாஸ் ஃபைல், ஆம்பில் அட்மாஸ் எரியவில்லை

அட்மாஸ் என்பது உயரத்து ஸ்பீக்கர்களிலும் ஒலி கேட்க வைக்கும் டால்பியின் முறை, அது தனி ஒலித்தடம் இல்லை. ட்ரூஎச்டிக்குள்ளோ இஏசி3-க்குள்ளோ கூடுதல் குறிப்பாக இருக்கும். மீடியாஇன்ஃபோவில் ‘இ-ஏசி-3 ஜேஓசி’ அல்லது ‘எம்எல்பி எஃப்பிஏ 16-சேனல்’ என்று இருந்தால் அட்மாஸ் உண்டு. பழைய பிளேயர்கள் வெறும் ட்ரூஎச்டி என்று மட்டும் காட்டும், அதனால் நஷ்டமில்லை. பாஸ்த்ரூவில் போனால் குறிப்பும் சேர்ந்தே போகும். பிளேயரே பிரித்தால் 7.1 அல்லது 5.1 பிசிஎம் கிடைக்கும், உயரத்து ஸ்பீக்கருக்கான குறிப்பு போய்விடும். இஏசி3 அட்மாஸ் சாதாரண ஏஆர்க்கில் போகும். ட்ரூஎச்டிக்கு இஏஆர்க் (ஏஆர்க்கின் மேம்பட்ட வகை) வேண்டும், அல்லது பெட்டியை நேரடியாக ரிசீவரில் செருக வேண்டும். ஆப்டிகலில் இரண்டுக்கும் வழியில்லை.

அறிகுறி: கரண்ட் போய் வந்தபின் 5.1 காணோம்

நேற்று வரை சரியாக இருந்தது, நடுவில் கரண்ட் கட் ஆகி வந்ததும் எல்லாம் ஸ்டீரியோ. பெட்டி ஆம்பை முந்திக்கொண்டு எழுந்துவிட்டது. அந்த நேரத்தில் ஆம்ப் விழிக்காததால் ஈடிஐடி பட்டியல் கிடைக்காமலோ டிவியின் பட்டியல் கிடைத்தோ, இரண்டு சேனல் என்று முடிவுகட்டி உட்கார்ந்திருக்கும். மூன்றையும் அணைத்து, ஆம்ப், டிவி, பெட்டி என்ற வரிசையில் ஒவ்வொன்றும் முழுசாக எழுந்தபின் அடுத்ததைப் போடுங்கள். கோடியில் ஆடியோ கருவியின் பெயரே மாறியிருந்தால் மறுபடி தேர்ந்தெடுங்கள். டிவியையும் பெட்டியையும் இன்வெர்ட்டரில் கொடுத்துவிட்டு ஆம்பை வெறும் லைனில் விட்டிருந்தால் இது அடிக்கடி வரும். ஆம்ப் இழுக்கும் வாட்ஸை இன்வெர்ட்டர் தாங்குமா என்று பார்த்து, தாங்காவிட்டால் பெட்டியையும் லைனுக்கே மாற்றிவிடுங்கள், இரண்டும் சேர்ந்தே எழும்.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் முதல் ஓரிரு நொடி சத்தம் விழுங்கப்படுகிறது

ஆம்ப் வடிவத்தைக் கண்டுபிடித்துப் பூட்டிக்கொள்ள எடுக்கும் நேரம் அது. கோடியில் ‘கீப் ஆடியோ டிவைஸ் அலைவ்’ என்பதை ‘ஆல்வேஸ்’ ஆக்கினால் பாஸ் செய்து திரும்பும்போது வருவது பெரும்பாலும் நிற்கும். படத்தின் தொடக்கத்தில் வருவதை முழுசாக ஒழிக்க முடியாது, சென்சார் சர்டிஃபிகேட் ஓடும் நேரத்தோடு அது போய்விடும்.